என் மகளை அறிவியல் பிரிவில் சேர்க்கத் தயங்குகிறேன். பெண்களுக்குக் கணிதமும் இயற்பியலும் இயல்பிலேயே வராது என்று ஆராய்ச்சி சொல்வது உண்மையா?

இல்லை. ஆனால் மகளை அறிவியல் பிரிவில் சேர்க்கத் தயங்குவதாகக் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நீங்கள் தந்தையாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாயாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் 70 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் கணித மதிப்பெண்களை உளவியலாளர் ஜேனட் ஹைட் குழுவினர் அலசி 2008இல் வெளியிட்டார்கள். சராசரியில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்றே சொல்லிவிடலாம். உடனே ஒருவர் கிளம்புவார்: "சராசரி கிடக்கட்டும், உச்சியில் இருப்பது யார்?" சரி, உச்சியையே பார்ப்போம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி கணிதத் தேர்வில் 700க்கு மேல் எடுத்த சிறுவயதினரைக் கணக்கெடுத்தபோது, 13 பையன்களுக்கு ஒரு பெண் இருந்தாள். பிற்காலக் கணக்கில் அது ஏறக்குறைய நான்குக்கு ஒன்றாக இறங்கிவிட்டது. பிறவிக் குணம் இரண்டு மூன்று பத்தாண்டுகளில் இப்படி மாறுமா?

என் கதைக்கு வருகிறேன். இயற்பியல் செய்முறை வகுப்பில் எங்கள் குழுவில் பையன்களும் பெண்களும் கலந்திருந்தோம். கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவி மேசைக்கு வந்ததும் ஒரு பையனின் கைதான் முதலில் நீளும். "உன் கையெழுத்து அழகு, நீ குறித்துக்கொள்" என்று நோட்டு என்னிடம் வந்து சேரும். ஆசிரியரும் அதையே பாராட்டாகச் சொல்வார். அவன் அளவுகளைச் சொல்லச் சொல்ல, நான் சுழிப்பிழையை (கருவி பூச்சியத்தில் சரியாக நிற்காத பிழை) கழித்து, மீச்சிற்றளவால் (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) பெருக்கி விட்டத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். கணக்கெல்லாம் என்னுடையது. ஆனால் கடைசியிலுள்ள சின்னக் குமிழைத்தான் திருக வேண்டும், அது கிரிக் கிரிக் என்று நழுவியதும் நிறுத்த வேண்டும் என்பது நோட்டில் எழுதி வருகிற அறிவா? விரல் பழக வேண்டும். தேர்வு நாளில் தனியாக நின்று பெரிய உருளையையே பிடித்து இறுக்கினேன், கம்பி நசுங்கியது. வெளித்தேர்வாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே, "பெண்பிள்ளைகளுக்குக் கருவி பழகாது" என்றார். ஆண்டு முழுவதும் அதைத் திருகியது யார் என்று அவர் கேட்கவில்லை.

இன்று நான் இயற்பியல் ஆசிரியை. என் வகுப்பில் பாதி நேரம் ஆனதும் நோட்டும் கருவியும் கை மாறியாக வேண்டும். முணுமுணுப்பு வராமல் இல்லை.

ஆண்களைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளை ஆராய்ந்தார்கள். கணிதத்துக்கு அஞ்சும் ஆசிரியையின் வகுப்பில், ஆண்டு முடிவில் சிறுமிகளின் தேர்ச்சிதான் குறைந்திருந்தது, பையன்களுடையது குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். 'பெண்ணுக்கு வராது என்று நினைவூட்டினாலே மதிப்பெண் சரியும்' என்ற புகழ்பெற்ற முடிவும் நெதர்லாந்து மாணவர்களிடம் பெரிய அளவில் செய்து பார்த்தபோது தேறவில்லை. எனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுதுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது அல்லவா? பல நாடுகளில் பையன்கள் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசா காட்டுகிறது. அதற்காக 'ஆணுக்கு மொழி வராது' என்று எந்த வீட்டிலும் முடிவுகட்டுவதில்லை.

   

மகளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன்னால், இன்று செய்முறை வகுப்பில் கருவி யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். "நான் எழுதினேன்" என்று பதில் வந்தால் மறுநாளே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.