மறுமணம் செய்தால் மியுண்டன் போய்விடுமா?

கேள்வி: முதுகலை வரலாற்று ஆய்வேட்டுக்காக ஜெர்மன் இளவரசி பிரான்டன்பர்க் எலிசபெத் (1510–1558) பற்றி எழுதுகிறேன். முதல் கணவர் டியூக் எரிக் அவருடைய விதவைக் கால வாழ்க்கைக்காக எழுதி வைத்த மியுண்டன் கோட்டையும் ஊரும், 1546-ல் அவர் மறுமணம் செய்ததும் பறிபோனது என்று ஒரு தளம் சொல்கிறது. 1553 என்கிறது இன்னொன்று. எது சரி? திருமண ஒப்பந்தத்தின் நகலை ஜெர்மனியிலிருந்து வாங்கித் தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: 1553 தான் சரி. பணம் கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் மனதில் பதிந்தால் போதும், மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

அந்தக் காலத்து ஜெர்மன் அரச குடும்பங்களில் கல்யாணப் பேச்சு என்றாலே முதலில் கணக்குப் பேச்சு. பெண் வீட்டார் ஒரு தொகை கொண்டுவருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு ஈடாக இன்னொரு தொகை வைப்பார்கள். முதலிரவுக்கு மறுநாள் கணவன் தரும் ‘காலைப் பரிசு’ தனிக்கணக்கு. முதல் இரண்டு தொகைக்கும் பிணையாக ஒரு கோட்டையும் சுற்றியுள்ள ஊர்களின் வருமானமும் பெண்ணுக்கு எழுதி வைக்கப்படும். லைப்கெடிங்கெ என்பது அதன் பெயர், ‘விட்டும்’ (Wittum) என்றும் சொல்வார்கள். கணவர் இறந்த பிறகு அவள் அந்த வருமானத்தில் வாழலாம். ஆனால் அது ஆயுள் பாத்தியதை மட்டும்தான். விற்க முடியாது, அவள் காலத்துக்குப் பிறகு புகுந்த வீட்டுக்கே திரும்பிவிடும்.

சரி, மறுமணம் செய்தால்? வாரிசு அந்த இடத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் சும்மா திருப்ப முடியாது. ஒத்திக்கு விட்ட வீட்டை மீட்பது போல, பணத்தை எண்ணி வைத்தால்தான் சாவி கைக்கு வரும். ‘மறுமணம் என்றால் பறிமுதல்’ என்று எழுதுகிறவர்கள் இந்தப் பாதியைப் படிப்பதே இல்லை. நம் ஊர் விதவைகளின் கதையை மனதில் வைத்துக்கொண்டு ஜெர்மன் விதவையைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

எலிசபெத்தின் கதையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 1525 ஜூலை 7-ல் ஸ்டெட்டினில் கல்யாணம். மாப்பிள்ளை கலென்பெர்க்-கோட்டிங்கன் டியூக் முதலாம் எரிக், வயது 55. மனைவியை இழந்தவர். பெண் பிறந்தது 1510 ஆகஸ்ட் 24, அதாவது 15 முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஆய்வேட்டில் ‘15 வயது’ என்று எழுதாதீர்கள், தேர்வாளர் ஒருவர் கணக்குப் போட்டால் தலைகுனிவு. அந்தச் சிறுமி சீக்கிரமே வீட்டுக்கணக்கைப் புரிந்துகொண்டாள். முதலில் எழுதித் தந்த கலென்பெர்க் பகுதிக்குப் பதிலாக வளமான மியுண்டன், கோட்டிங்கன் பக்கத்தைக் கணவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். உங்கள் கேள்விக்கான பதில் தொடங்கும் இடம் 1546 இல்லை, இந்த மாற்றம்தான்.

1540 ஜூலையில் எரிக் ஹாகெனாவில் இறந்தார். கடன் கழுத்து மட்டும் இருந்ததால் உடலை ஊருக்குக் கொண்டுவரவே ஒரு வருடம் ஆனது. மகன் இரண்டாம் எரிக்குக்கு அப்போது 12 வயது நிரம்பவில்லை. எலிசபெத் ஆட்சிப் பொறுப்பை ஏற்று ஐந்து வருடம் நாட்டை நடத்தினார். போதகர் அன்டோனியுஸ் கொர்வினுஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு லூதரின் புராட்டஸ்டன்ட் வழியைக் கொண்டுவந்தார், 1542-ல் திருச்சபைச் சட்டமும் போட்டார். மகன் ஆட்சிக்கு வந்த அடுத்த வருடம், 1546-ல், ஹென்னபெர்க் சிற்றரசர் குடும்பத்து போப்போவை மணந்தார். போப்போ அவரைவிட மூன்று வயது இளையவர். மகனின் வீடோ தகப்பன் எரிக்கின் கடனில் மூழ்கிக் கிடந்தது, தாயின் ‘விட்டும்’-ஐ மீட்கப் பணத்துக்கு எங்கே போவது? மறுமணத்துக்குப் பிறகும் எலிசபெத் மியுண்டனில்தான் இருந்தார்.

அப்புறம் எப்படிப் போனது? சண்டையில் போனது. மகன் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினான், தாயின் வலது கையாக இருந்த கொர்வினுஸை 1549-ல் சிறையில் அடைத்தான். முதல் கணவர் வழி உறவினரான டியூக் இளைய ஹென்றி, 1553 ஜூலை 9-ல் ஸீவர்ஸ்ஹவுசன் போரில் வென்றபின் எலிசபெத்தை மியுண்டனிலிருந்து துரத்தினார். ஹானோவரில் வறுமையில் இருந்துவிட்டு, 1555-ல் போப்போவின் பக்கம் இல்மெனாவுக்குப் போனார். 1558-ல் அங்கேயே இறந்தார். விதவைகளுக்கு ஆறுதல் சொல்லும் நூல் ஒன்றை அவர் எழுதியதும் இந்தக் கடைசிக் காலத்தில்தான். வீட்டை இழந்து நின்ற பெண் எழுதியது என்ற நினைப்போடு அதைப் படியுங்கள்.

இனி ஒரு சிக்கல். இதை விலாவாரியாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் தரகர்கள் பிழைப்பதே இதை வைத்துத்தான். போப்போவின் அண்ணன் கியோர்க் எர்ன்ஸ்ட். அவருடைய மனைவி யார்? 1543-ல் அவரை மணந்த, நம் எலிசபெத்தின் மூத்த மகள். மகளின் கொழுந்தனையே தாய் மணந்திருக்கிறார். அதாவது தாயும் மகளும் ஓரகத்திகள் ஆகிவிட்டார்கள். மகளின் பெயரும் எலிசபெத்! ஆகவே ‘ஹென்னபெர்க் எலிசபெத்’ என்று ஓர் ஆவணம் சொன்னால் யார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். 1546-க்கு முன் என்றால் மகள். 1558-க்குப் பின் என்றாலும் மகள், அவர் 1566 வரை இருந்தார். இடைப்பட்ட 12 வருடத்துக்குக் கணவர் பெயரைப் பாருங்கள்: போப்போ என்றால் தாய், கியோர்க் எர்ன்ஸ்ட் என்றால் மகள். கணவர் பெயர் இல்லாவிட்டால் பிறந்த வீட்டுப் பட்டத்தைத் தேடுங்கள். பிரான்டன்பர்க் என்று இருந்தால் தாய், பிரௌன்ஷ்வைக் என்று இருந்தால் மகள். போதாததற்குத் தாயின் தாயும் எலிசபெத்தான், டென்மார்க் இளவரசி. இணையத்தில் விற்கும் வம்சவரைபடங்களில் மூன்று பேரையும் ஒருவராக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நகல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கே நடந்தது இது. பல வருடங்களுக்கு முன் ஓர் இடைத்தரகருக்குப் பணம் அனுப்பினேன். ‘சான்றிட்ட மூல ஆவணம்’ என்று வந்தது என்ன தெரியுமா? ஆவணக்காப்பகப் பட்டியலில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒரு பதிவின் படம், ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் கேட்பவர் ‘ஒப்பந்தம்’ என்கிறாரே, எந்த ஒப்பந்தம்? 1525-ஆ, 1546-ஆ, மகளின் 1543-ஆ? ஆவண எண் என்ன? இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் சரக்கு இல்லை. எண் சொல்லிவிட்டால் அவர் உங்களுக்குத் தேவையில்லை, அதை வைத்து நீங்களே காப்பகத்துக்கு எழுதலாம்.

கலென்பெர்க் பக்கத்து ஆவணங்களுக்கு ஹானோவரில் உள்ள கீழ் சாக்சனி மாநில ஆவணக்காப்பகம், ஹென்னபெர்க் பக்கத்துக்கு மைனிங்கன் காப்பகம். ஹானோவர் பட்டியலை ஆர்சின்சிஸ் (Arcinsys) என்ற தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். இன்னொரு மகள் அன்னா மரியா 1550-ல் பிரஷ்ய டியூக் ஆல்பர்ட்டை மணந்தார். அந்த ஆல்பர்ட்டோடு எலிசபெத் நடத்திய கடிதப் போக்குவரத்து 1954-லேயே அச்சில் வந்துவிட்டது. ‘விட்டும்’, கடன், மகனோடு வந்த மனக்கசப்பு எல்லாவற்றுக்கும் முதலில் அங்கே போங்கள். 16-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்க ஓரிரு வருடப் பயிற்சி வேண்டும், நீங்கள் நகல் வாங்கினாலும் இப்போது படிக்க முடியாது. அந்த அச்சு நூலை வாங்கி வைக்க நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் ‘முதன்மைச் சான்று எங்கே’ என்று மாணவரைக் கேட்க மட்டும் மறப்பதில்லை. மாணவர்கள் தரகரிடம் போய் விழுவது இதனால்தான். பிற நூலகங்களிலிருந்து நூல் வரவழைத்துத் தரும் பரிமாற்றப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, மியுண்டன் கோட்டையின் இன்றைய படத்தை ஆய்வேட்டு அட்டையில் போட்டுவிடாதீர்கள். எலிசபெத் இருந்த கோட்டை 1560-ல் எரிந்துபோனது. இப்போது நிற்பது பெரும்பாலும் மகன் எரிக் திருப்பிக் கட்டியது.

காப்பகத்துக்கு எழுதும்போது பெயரை நான்கு விதமாகவும் போடுங்கள்: பிரான்டன்பர்க் எலிசபெத், பிரௌன்ஷ்வைக்-லூனபுர்க் எலிசபெத், கலென்பெர்க்-கோட்டிங்கன் எலிசபெத், ஹென்னபெர்க் எலிசபெத். ஒரு பெண்ணைத் தகப்பன் பெயரிலும் இரண்டு கணவர்கள் பெயரிலும் பிரித்துப் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் பட்டியல்கள் அவை. ஒன்றை மட்டும் தேடினால் பாதி வாழ்க்கை கைக்கு வராது.