55 பவுண்டு வில்லை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்

வணக்கம் அண்ணே. டெக்சாஸில் பல வருஷம் துப்பாக்கியில் மான் வேட்டையாடிவிட்டு, இப்போது 55 பவுண்டு (நாணை இழுக்க வேண்டிய விசை) மரவில் வாங்கியிருக்கிறீர்கள். லீவில் காரைக்குடி வந்து பழகினால் கை நடுங்குகிறது, அம்பு இடப்பக்கமே போகிறது என்கிறீர்கள்.

முதலில் 35 பவுண்டுக்கு இறங்குங்கள். அதற்கேற்ற அம்பும் வேண்டும். 55க்கு வாங்கிய விறைப்பான அம்பு, இளகின வில்லில் இன்னும் இடப்பக்கம்தான் ஒதுங்கும்.

அப்புறம், பழைய சேலைகள் திணித்த சாக்கை ஐந்து மீட்டரில் வைத்து, குறியே இல்லாமல் எய்யுங்கள். நாணை முழுக்க இழுத்ததும், இழுத்த கையின் ஆள்காட்டி விரல் ஒவ்வொரு முறையும் கடைவாயில் அதே இடத்தைத் தொடட்டும். நாணைப் பிடுங்கி விடாதீர்கள். விரல்கள் தளர்ந்தால் போதும், கை தாடையை உரசிக்கொண்டு பின்னால் போகும். முகத்தை விட்டு வெளியே விலகினால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போய்விடும். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்மாய்க் கரையை நோக்கி எய்ய வேண்டாம். ஆடு மேய்ப்பவர்கள் மறுபக்கமிருந்து ஏறி வருவார்கள். பின்கட்டு மதில் நல்லது.

இங்கே சாக்கோடு சரி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானோ முயலோ, வில்லால் அடித்தாலும் குற்றம்தான். வேட்டையை டெக்சாஸ் சீசனுக்கு வையுங்கள், அதுவும் 15 மீட்டரில் எல்லா அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குள் விழுந்த பிறகு.