கம்பளையில் மகளோடு சைக்கிள்: ஏ5 வேண்டாம், இந்த வழியில் போங்கள்

இலங்கையின் கம்பளையில் தங்கி 12 வயது மகளோடு சைக்கிளில் சுற்ற வேண்டும், பஸ்களை நினைத்தால் பயம் என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானது. மகாவலி ஆற்றங்கரை எவ்வளவு அழகானாலும், அங்கிருந்து பேராதனைக்குப் போகும் ஏ5 பிரதான ரோட்டில் பிள்ளையை விடாதீர்கள். பேராதனை வரை சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், தவுலகல ரோட்டைப் பிடியுங்கள்.

முதலில் எம்பக்கே என்னும் பழைய கோயில். அங்கே மரத்தூண்களில் செதுக்கிய அன்னத்தையும் மல்லரையும் மகள் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். அடுத்து லங்காதிலக, பாறை மேல் நிற்கும் பௌத்த விகாரை. இடையில் வயலோரம் போகும் ஒடுங்கிய பாதையில் காற்றும் கொக்குகளும்தான் துணை. கோயிலடி ஏற்றத்தில் இறங்கி உருட்டுங்கள், அவசரமே வேண்டாம். அந்தப் பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது, கட்டாயம் மகளுக்குக் காட்டுங்கள். கடைசியில் கடலாதெனிய விகாரை. 1344இல் தென்னிந்தியச் சிற்பி கணேசுவராச்சாரி கட்டியது.

அதோடு நிறுத்தி, வேனை அங்கேயே வரச்சொல்லுங்கள். அதைத் தாண்டினால் பிலிமத்தலாவையில் கொழும்பு ரோடு, லொறி ஓயாது. காலை ஆறரைக்கே கிளம்புங்கள், பின்னேரம் மழை பிடிக்கும். இரண்டு சைக்கிளுக்கும் பிரேக் கட்டையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.