நெஞ்சுவலி வந்தால் உசிலம்பட்டியா, மதுரையா?

கேள்வி: போன மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் காரில் கொண்டுபோகும்போது செக்கானூரணி தாண்டுவதற்குள் இறந்துவிட்டார். என் அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. அவருக்கு ஏதாவது என்றால் எங்கும் நிற்காமல் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் அண்ணன். சரியா டாக்டர்?
– வாசகி, எழுமலை

பதில்: சரியில்லை அம்மா. உசிலம்பட்டி அரசு மருத்துவமனையைத் தாண்டிப் போகாதீர்கள். இதை அண்ணனிடமும் படித்துக் காட்டுங்கள்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், அரை மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். செத்த தசை மீளாது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் பலன் மிக அதிகம். 12 மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. மதுரையில் பலூன் வைத்து அடைப்பை எடுப்பது ஊசியைவிட மேலான சிகிச்சைதான், மறுக்கவில்லை. ஆனால் ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் அது நடக்காது என்றால் முதலில் ஊசி, பிறகு பயணம். நள்ளிரவில் எழுமலையிலிருந்து புறப்படுகிறவருக்கு அந்த 2 மணி நேரம் போதுமா? ஊசி போட்டுக்கொண்டு மதுரை போனால், 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து மிச்ச அடைப்பைப் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு ஆற்றாமை சாலையைப் பற்றியல்ல, வீட்டைப் பற்றி. வாயுப் பிடிப்பு என்று இஞ்சிச் சாறு, பெருங்காயம், சோடா; பிறகு விடியட்டும் என்ற காத்திருப்பு. அரசு மருத்துவமனைப் பணியில் எத்தனையோ பேரை இப்படிப் பார்த்தேன். பைக்கில் இரண்டு மகன்களுக்கு நடுவே உட்கார்த்தி அழைத்து வருவார்கள். பனியன் வியர்வையில் ஒட்டியிருக்கும், நெஞ்சு முழுக்கத் தைலம். ஈசிஜி எடுக்கக் குமிழை வைத்தால் வழுக்கும். நர்ஸ் பஞ்சால் துடைத்துத் துடைத்து வைப்பார். அந்த நிமிடங்களும் நோயாளியின் கணக்கில்தான் போகின்றன.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வலியே இல்லாமலும் வரலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ கையிலோ இழுப்பு, வாந்தி – எதுவானாலும் 108ஐ அழையுங்கள். அவரை நடக்கவிடாதீர்கள், பைக் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் தரும், நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையும் வேண்டாம். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடலாம்.

‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை முதல் தவணையாகத் தருகிறார்கள். வழியில் இருந்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அது ஊசிக்கு ஈடாகாது, அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

இந்த வாரமே உசிலம்பட்டிக்குப் போய், கரைக்கும் ஊசி இரவிலும் போடுவார்களா என்று கேட்டு வாருங்கள். கையோடு அப்பாவுக்கு ஒரு ஈசிஜி எடுத்து, காப்பீட்டு அட்டையுடன் சேர்த்து வையுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால், புதிதாக வந்த மாற்றம் எது என்று டாக்டருக்கு உடனே புரியும்.