பொலிக்குதிரையைப் பார்க்கும் முன் தவிட்டு மூட்டையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, கொருக்குப்பேட்டையில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை வைத்திருக்கிறேன். ஏழு வயசு. கல்யாணத்துக்குச் சாரட் வண்டி இழுக்கும். தை மாசம் செங்குன்றம் தாண்டி ஒரு திடலில் முதல் தடவையாகப் பொலிக்குதிரை, அதாவது சினைக்கு விடும் ஆண் குதிரை, கண்காட்சி வைக்கிறார்கள். மார்வாரி, காத்தியவாரி ஜாதிக் குதிரை எல்லாம் வருமாம். எங்கள் பக்கத்துக் குதிரைக்காரர்கள் இதிலே ரெண்டுபட்டுக் கிடக்கிறார்கள். "நல்ல காரியம், கண்ணால பார்த்துச் சேர்க்கலாம்" என்கிறார் ஒரு பெரியவர். என் மச்சான், "புரோக்கருங்க சேர்ந்து கடை போடுறாங்க, அங்க போனா நோயும் கடனும்தான் வீட்டுக்கு வரும்" என்கிறான். பையன்களுக்கு வீடியோ எடுத்தால் போதும். ஒருவர் அன்றைக்கே டோக்கன் கட்டினால் சேர்க்கைக்கு 15,000, பிறகு வந்தால் 20,000 என்கிறார். அவர் குதிரை என்னுடையதைவிட ஒரு சாண் உயரம். குட்டி பெருத்துப் பிரசவத்தில் தாய் போய்விடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என் குதிரையைக் கூட்டிக்கொண்டு போகலாமா? எந்த ஜாதியைச் சேர்க்கலாம்? தீனியில் குறை வைக்கவில்லை. தினம் மூணு கிலோ கோதுமைத் தவிடு, ஒரு கிலோ கொள்ளு, மீதிக்கு நேப்பியர் புல். ரெண்டு மாசமாக ஒருநாள் முன்காலையும் இன்னொரு நாள் பின்காலையும் தாங்கி நடக்கிறது. லாடக்காரர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். புல்லை மென்று உருட்டிக் கீழே போடுகிறது, பல் ராவ வேண்டும் போல.

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

கண்காட்சிக்கு நீங்கள் போங்கள், குதிரை வீட்டில் இருக்கட்டும். பெரியவர் சொல்வதும் சரி, மச்சான் சொல்வதும் சரி. இதுவரை நம் பக்கத்தில் சேர்க்கை எப்படி நடக்கிறது? போனில் அரை நிமிட வீடியோ வரும். குதிரை இரண்டு காலில் எழுந்து நிற்கும், காது இரண்டும் நுனியில் முட்டும், பின்னால் மேளம் அடிக்கும். அதைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்களுக்காவது நேரில் பார்க்கக் கிடைக்கும், அதுவும் நெரிசலில். பட்டப்பகலில் நாலு பொலிக்குதிரையை ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்தால் அது லாபம்தான்.

ஆனால் கண்காட்சியில் நிற்கிறது என்பதாலேயே அது தேறிய குதிரை ஆகிவிடாது. ஜெர்மனியில் ஃபெர்டன் என்ற ஊரில் ஹனோவர் ஜாதி ஆண் குதிரைகளை இரண்டரை வயதில் கூட்டத்தின் முன் நிறுத்துவார்கள். கெட்டித் தரையில் நடக்க வைப்பார்கள், ஆள் ஏறாமல் தாண்ட விடுவார்கள், எக்ஸ்ரே பார்ப்பார்கள். தேறியதற்குத்தான் பொலிக்குதிரை என்ற பெயர். தேறாததை விதையடித்துச் சவாரிக்கு விற்றுவிடுவார்கள். அங்கே நடப்பது வடிகட்டல். இங்கே வடிகட்ட யாரும் இல்லை, நீங்கள்தான் வடிகட்ட வேண்டும்.

மச்சான் சொன்ன நோய்ப் பயம் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் மனிதருக்கும் தொற்றும், உயிரை எடுக்கும். குதிரைக்கு வந்தது உறுதியானால் சட்டப்படி அதைக் கொன்று புதைக்க வேண்டும், வைத்தியம் கிடையாது. ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இரத்தத்தைச் சோதித்துச் சொல்கிறார்கள். பொலிக்குதிரைக்காரரிடம் முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். "நம்ம குதிரைக்கு அதெல்லாம் வராதுங்க" என்று சொன்னால் அடுத்த கொட்டிலுக்கு நடையைக் கட்டுங்கள். அங்கே பொதுத் தொட்டியில் மூக்கை வைத்துத் தண்ணீர் குடிக்கும் நூறு குதிரைகளில் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். திரும்பி வந்ததும் கை, கால், செருப்பு மூன்றையும் கழுவிவிட்டுக் குதிரையிடம் போங்கள்.

டோக்கன் கட்டாதீர்கள். அன்றைக்குக் கட்டினால் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை என்பவர் உங்களை யோசிக்கவிடாமல் தடுக்கிறார். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. சுழி சுத்தம், பஞ்சகல்யாணி என்று ராசிக் குறிகளைப் பற்றிப் புரோக்கர் பத்து நிமிடம் பேசுவார். பேசி முடித்ததும், கயிற்றைத் தளர்த்திவிட்டுத் தார் ரோட்டில் இருபதடி நடக்க வைக்கச் சொல்லுங்கள், நேர் பின்னால் நின்று பாருங்கள். அந்தக் குதிரைக்குப் போன வருடம் பிறந்த இரண்டு குட்டிகளாவது எங்கே நிற்கின்றன என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். குட்டியைக் காட்ட முடியாதவரின் குதிரைக்கு 15,000 அல்ல, 1,500 கூட அதிகம்.

உயரத்தைப் பற்றி வீட்டில் பயப்பட வேண்டாம். 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இரண்டு பேர் யானை மாதிரி இருக்கும் ஷயர் குதிரையையும் ஆட்டைவிடச் சற்றே பெரிய ஷெட்லாண்டு மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டலில் இருபக்கமும் கலந்து பார்த்தார்கள். மட்டக்குதிரைத் தாய்க்குப் பிறந்த குட்டி, தகப்பன் ஷயராக இருந்தும், மட்டக்குதிரைக் குட்டி அளவுக்கே பிறந்தது. பிறக்கும்போது குட்டி எவ்வளவு இருக்கும் என்பதைத் தாயின் கருப்பைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒரு சாண் உயரத்தால் தாய் சாகாது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குட்டி தாயின் உடம்பிலிருந்துதான் உருவாகிறது என்றால், அந்த உடம்பில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, "இந்தக் குதிரையை இந்த வருடம் சினைப்படுத்தலாமா?" என்று. கூடாது. காரணம் அந்த மூணு கிலோ தவிடு.

கோபித்துக்கொள்ளாதீர்கள், தவிட்டைப் பற்றி நான் நிறையப் பேசுவேன். வடசென்னையில் குதிரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகக் குறைவு, சுமாராகப் பத்துக்கு ஒன்று. குதிரைக்கு வேண்டியது நேர் எதிர். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை, இரண்டு பங்கு இருக்க வேண்டும். மூணு கிலோ தவிட்டில் கால்சியம் நாலு கிராம் தேறும், பாஸ்பரஸ் முப்பது கிராமுக்கு மேல். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகிறது. அதற்குமேல் நேப்பியர். நம்மூர்க் கம்பு நேப்பியர் மாட்டுக்கு அருமையான புல். அதில் ஆக்சலேட் உண்டு. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை, ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். தவிடு ஒரு பக்கம் தின்கிறது, புல் மறுபக்கம் தின்கிறது, நடுவில் எலும்பு.

இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் தாங்குவது, லாடத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது, தீனியை மென்று உருட்டிக் கீழே போடுவது, மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இப்படிக் கால்சியம் போய் எலும்பு இளகும் நோய்தான். பல் ராவிவிட்டால் சரியாகும் என்று இருக்காதீர்கள். பல் ஊன்றியிருக்கும் எலும்பே இளகிப்போய் மெல்லும்போது வலிக்கலாம்.

பல வருடம் முன்பு புளியந்தோப்பில் ஒரு சந்துக்குள் இப்படி ஒரு குதிரையைப் பார்த்தேன். தலைப்பட்டையின் வார் மூக்கின் மேல் பதிந்து தழும்பாகியிருந்தது. "குதிரை சதை பிடிச்சிருக்கு சார், ஆறு மாசத்துல ரெண்டு ஓட்டை தளர்த்திட்டேன்" என்றார் சொந்தக்காரர், சந்தோஷமாக. விலா எலும்பு எண்ணும்படி நிற்கிற குதிரைக்கு மூஞ்சி மட்டும் எப்படிப் பிடிக்கும்? கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலால் தட்டினால் கெட்டி எலும்பின் ஓசை இல்லை. அதன் வயிற்றில் ஏழு மாதக் குட்டி. பிறந்த குட்டி முன்கால் நேராக நிற்காமல் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தாயின் தீனியை மாற்றினோம், நொண்டல் ஏழெட்டு மாதத்தில் போனது. முகத்தின் வீக்கம் கடைசிவரை இறங்கவில்லை.

சினையானால் கணக்கு இன்னும் கடுமை. 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நிற்கும்போது நாளுக்கு 20 கிராம் கால்சியம் போதும். சினையின் கடைசி மாதங்களில் 36, பால் கொடுக்கும் முதல் மாதத்தில் 59. உங்கள் குதிரை அதைவிடச் சிறிதுதான், ஆனால் விகிதம் மாறாது. தையில் சேர்த்தால் பதினொரு மாதம் கழித்து மார்கழியில் குட்டி. அதுவரை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

தீவனக் கடைக்காரரிடம் சொன்னால் உடனே ஒரு கால்சியம் டானிக் பாட்டிலை எடுத்து வைப்பார். வாங்காதீர்கள். கறவை மாட்டுக்குப் போட்ட சரக்கு அது. பலவற்றில் பாஸ்பரஸும் கலந்திருக்கும், உங்கள் குதிரைக்கு ஏற்கெனவே மிதமிஞ்சியிருப்பது அதுதான். தவிடு விற்கிறவரே தவிட்டின் கேட்டுக்கு மருந்தும் விற்கிறார், அதைச் சகித்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை. விலை குறைவு என்று கோழித் தீவனத்தைத் தலையில் கட்டினால் அதையும் தொடாதீர்கள். அதில் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தைச் சிதைத்துக் கொல்லும்.

வேண்டியது மலிவானதுதான். அதே கடையில் கால்சைட் தூள் (சுண்ணாம்புக்கல் பொடி) என்று கேளுங்கள், டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) வேண்டாம், அதில் பாஸ்பரஸ் உண்டு. தினம் ஐம்பது கிராம், ஈரத் தீனியில் பிசைந்து கொடுங்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நீற்றிய சுண்ணாம்பு வாயை வேகவைத்துவிடும், கூடாது. தவிட்டை ஒரே நாளில் நிறுத்தினால் வயிற்றுவலி வரலாம், பத்துப் பன்னிரண்டு நாளில் படிப்படியாகக் குறைத்து முற்றிலும் விடுங்கள். கொள்ளு மேல் குற்றமில்லை, இருக்கட்டும். நேப்பியரைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பூஞ்சணம் இல்லாத வேர்க்கடலைக் கொடி போடுங்கள், திருவள்ளூர்ப் பக்கம் அறுவடையில் நிறையக் கிடைக்கும். குதிரை மசால் என்ற தீவனப் பயிர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாமோ அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு வைக்கிறோம்.

நான் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறேன், நேரில் பார்த்து அல்ல. இந்த வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று மட்டும் வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். எலும்பைக் கரைத்தாவது உடம்பு இரத்தத்தில் அளவைக் காப்பாற்றிக்கொள்ளும். சிறுநீரில் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள், தாடைக்கு எக்ஸ்ரே கேளுங்கள். தாங்கி நடப்பது நிற்கும்வரை சாரட்டில் பூட்ட வேண்டாம். தை முகூர்த்த வருமானம் போகும், எனக்குத் தெரியும். இளகிய எலும்பு பாலத்து ஏற்றத்தில் முறிந்தால் குதிரையே போகும்.

கண்காட்சியில் நல்ல பொலிக்குதிரை கண்ணில் பட்டால் சொந்தக்காரரின் எண்ணை வாங்கி வையுங்கள், அடுத்த வருடத்துக்கு ஆகும். அதற்கு என்ன தீனி வைக்கிறார் என்றும் கேளுங்கள். இன்று மாலை தலைப்பட்டையை எந்த ஓட்டையில் மாட்டுகிறீர்கள் என்று பார்த்து, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். பங்குனி முடிவில் எந்த ஓட்டையில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.