1857-ஐக் காட்டி விற்கும் பி.இ.

கேள்வி: என் மகன் பிளஸ் டூவுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்து, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். எங்கள் ஊரில் ‘படிப்பு மையம்’ நடத்துபவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் பி.இ. வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது வேண்டாம் என்றால் ஒரே வருடத்தில் பி.காம். முடித்துவிடலாமாம். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், மதிப்பு குறையாது என்கிறார். 15,000 ரூபாய் முன்பணமும் மகனின் அசல் சான்றிதழ்களும் கொடுத்துவிட்டேன். நம்பலாமா?

– ஒரு தந்தை, ஆரணி

பதில்: நம்பாதீர்கள். அவர் சொன்னதில் 1857 மட்டும்தான் சரி.

அந்த வருடத்தை அவர் விற்பனைக்குப் பயன்படுத்துவதால் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகம் வேண்டும் என்று மெட்ராஸ் மாகாணத்தில் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தது 1839-இல். கிடைத்தது 1857 செப்டம்பரில். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள்: பாடம் நடத்துவது கல்லூரி, தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். சொந்தமாகத் துறைகள் வைத்து ஆய்வும் பாடமும் நடத்தத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இதுதான் பல்கலைக்கழகம். அப்புறம் கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்த கதை. 1916-இல் மைசூர் போனது, 1926-இல் ஆந்திரா, 1966-இல் மதுரை. ஊர்வாரியாகப் பிரிந்தது போதாதென்று பாடவாரியாகவும் பிரிந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் வந்தபோது கிண்டிப் பொறியியல் கல்லூரி அங்கே போனது. மருத்துவத்துக்கு 1988-இல் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று பி.இ. படிப்புக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இங்கேதான் மையக்காரர் ஒரு பழைய சான்றிதழை எடுத்து நீட்டுவார். ‘சென்னைப் பல்கலைக்கழகம், பி.இ.’ என்று அதில் அச்சாகியிருக்கும். அது போலி என்று நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம், அசலாகவே இருக்கலாம். கிண்டிக் கல்லூரி 1978-இல் போனாலும், சென்னையைச் சுற்றியிருந்த தனியார் பொறியியல் கல்லூரிகள் பல 2001 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. அதற்கு முன் 2000-இல் சேர்ந்தவர் பழைய பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே 2004-இல் முடித்திருப்பார். அவருடைய பட்டம் முழுக்கச் செல்லும். ஆனால் அவர் நான்கு வருடம் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர், தபாலில் படித்தவர் அல்ல. அவர் கல்லூரியில் வாங்கிய காகிதத்தைக் காட்டி உங்கள் மகனுக்குத் தொலைநிலை பி.இ. விற்கிறார்கள்.

தொலைநிலை பி.இ. என்பதே கூடாத சரக்கு. தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த தொலைநிலைப் பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் முடக்கியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் அத்தனை வருடம் கழித்து மறுதேர்வு எழுத நேர்ந்தது. கல்லூரிக்கு அனுமதி கொடுக்க ஓர் அமைப்பு, பட்டத்தைப் பார்க்க இன்னோர் அமைப்பு, கடைசியில் நீதிமன்றம். இத்தனை பேரும் விழிப்பதற்குள் பிள்ளைக்கு முடி நரைத்துவிடும்.

ஒரு வருட பி.காம். இன்னும் மோசம். இளநிலைப் பட்டத்துக்கு மூன்று வருடம், தொலைநிலையிலும் அதேதான். ‘பழைய தேதியில் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பட்டத்தை நம்பி அரசு வேலைக்குப் போனால், உண்மைத்தன்மைச் சான்று கேட்கும் அன்று குட்டு உடையும். மாட்டுவது மையக்காரர் அல்ல, உங்கள் மகன்.

உண்மையான தொலைநிலைப் படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1981 முதல் இருக்கிறது. பி.ஏ., பி.காம்., எம்.ஏ. போன்றவை. எந்தப் படிப்புக்கு இந்த வருடம் அனுமதி என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கும். பட்டியலை இன்னும் கொஞ்சம் மனிதர் கண்ணில் படும் இடத்தில் வைத்தால் பாதித் தரகர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். அது நடக்கும் வரை நீங்கள்தான் தேட வேண்டும். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் நேராகப் பல்கலைக்கழகத்துக்குத்தான். தனியார் ஆளுக்கு ஏஜென்சி கொடுத்து மையம் நடத்த விதி இடம் கொடுப்பதில்லை. பல்கலைக்கழக முத்திரையைப் பலகையில் வரைய ஒரு பெயின்டர் போதும்.

பி.இ.தான் வேண்டும் என்றால் டிப்ளோமா படித்தவருக்கு நேர்வழியே இருக்கிறது. லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு மூலம் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையை விட முடியாது என்றால் சில கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. உண்டு. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய ஆசிரியரிடம் கேட்டாலே விவரம் கிடைக்கும்.

சரி, இப்போது அவசர வேலை. நாளைக்கே போய் அசல் சான்றிதழ்களைக் கையில் வாங்குங்கள். ‘சென்னைக்கு அனுப்பிவிட்டோம்’ என்றால், எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்கும் மழுப்பினால் காவல் நிலையத்தில் புகார். முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். முதலில் சான்றிதழ், பணம் அப்புறம்.