"வாழ்நாளின் சிறந்த வாட்": கேள்வி பதில்

சைக்கிள் பந்தய சீசன் தொடங்குமுன் நடக்கும் பயிற்சி முகாம்களிலிருந்து தவறாமல் ஒரு செய்தி வரும். யாராவது ஒரு தொழில்முறை ரைடர், "இதுவரை இல்லாத எண்கள் வருகின்றன" என்பார். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று பலர் கேட்டுவிட்டார்கள். பவர் மீட்டர் (பெடலில் கொடுக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி), பரிசோதனை, பயிற்சித் தரவு பற்றிக் கேளுங்கள். எதை வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒற்றைக்கியர்: அண்ணா, நேராகவே கேட்கிறேன். "போன வருஷத்தைவிட 15 வாட் கூடியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது. 15 வாட் கூடியது எத்தனை நிமிட முயற்சியில்? 5 நிமிடத்திலா, 20 நிமிடத்திலா, ஒரு மணி நேரத்திலா? மூன்றும் வேறு வேறு திறன்கள். அடுத்தது, அதே மீட்டரா? அணி மாறினால் பெரும்பாலும் மீட்டரும் மாறும். நல்ல மீட்டர்களையே 1 முதல் 2 சதவீதம் வரை முன்பின் இருக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 400 வாட்டில் 2 சதவீதம் என்றால் 8 வாட். பழைய மீட்டர் 8 குறைத்தும் புதியது 8 கூட்டியும் காட்டினால், காலின் பலம் துளியும் மாறாமலே 16 வாட் 'முன்னேற்றம்' வந்துவிடும்.

கடைசியாக எடை. எந்த நாளில், எந்தத் தராசில், யார் பார்த்த எடை? மலை ஏற்றத்தில் வாட்டை எடையால் வகுத்த எண்தான் பேசும். வகுக்கிற எண்ணைச் சொல்லாமல் வகுபடும் எண்ணை மட்டும் சொன்னால் பாதிக் கணக்கைக்கூட சொல்லவில்லை என்று அர்த்தம்.

இத்தனையும் தெரிந்த ஒருவருக்கு அந்த 15 வாட் பொன்னான தகவல். அந்த ஒருவர் அவருடைய பயிற்சியாளர்.

பெடல்பித்தன்: அப்படியானால் எண்கள் கூடியவர் ஏன் ஜெயிப்பதில்லை?

பக்கத்தில் ஓட்டுபவரும் கூட்டியிருப்பார், அதனால்தான். 2024 டூர் டி பிரான்ஸின் 15வது கட்டம், பிளாட்டோ டி பெய் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் பாஸ்க் பந்தயத்தில் விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டவர் யோனாஸ் விங்கேகோர். பெய் ஏற்றத்தில் அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டத்தை ஓட்டியதாகச் சொன்னார். நான் அதை முழுக்க நம்புகிறேன். அன்று அவர் தடேய் போகாச்சாரிடம் 1 நிமிடம் 8 விநாடி தோற்றார். இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்கலாம்.

புதுச்சக்கரம்: சார், வாட் என்றால் வேகமா?

இல்லை. பெடலில் கொடுக்கும் திருப்புவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வாட். வேகம் என்பது அந்த வாட்டைக் காற்றும் ஏற்றமும் தின்றது போக மிஞ்சுவது.

ஒற்றைக்கியர்: எடை எடை என்கிறீர்களே, உதாரணம் உண்டா?

கிறிஸ் ஃப்ரூம். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2007இல், யாருக்கும் அவரைத் தெரியாத காலத்தில், சுவிட்சர்லாந்தில் ஒரு பரிசோதனை. எடை 75.6 கிலோ, த்ரெஷோல்ட் (நீண்ட நேரம் தாங்கிப் பிடிக்கக்கூடிய வாட்) 420 வாட். 2015இல் டூரை இரண்டாம் முறை ஜெயித்த பிறகு லண்டனில் ஒரு ஆய்வகப் பரிசோதனை. எடை 69.9 கிலோ, த்ரெஷோல்ட் 419 வாட். எட்டு வருஷத்தில், இரண்டு டூர் வெற்றிகளுக்குப் பிறகு, ஒரு வாட் குறைவு! கிலோவுக்கு என்று பார்த்தால் 5.56இலிருந்து 5.99. "என் வாட் கூடியதா" என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் பதில் "இல்லை" என்றே வந்திருக்கும்.

அதே 2015 டூரில் லா பியர் சான் மார்த்தான் ஏற்றத்தில் அவர் எல்லோரையும் விட்டுப் போனதும், ஊக்கமருந்தோ என்று பெரிய கூச்சல். ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிலோவுக்கு 7.04 வாட் என்று கணித்தார்கள். அணி தன் எண்களை வெளியிட்டது. மீட்டர் காட்டியது 414 வாட், எடை 67.5 கிலோ. ஆனால் அவர் ஓட்டியது நீள்வட்டச் செயின்ரிங் (பெடலோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரம்). ஒரு சுற்றில் கால் ஒரே வேகத்தில் சுழல்கிறது என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். நீள்வட்டத்தில் அது பொய். அதனால் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று சொல்லி, கழித்து, 5.78 என்றார்கள். ஒரே மனிதர், ஒரே ஏற்றம், 7.04உம் 5.78உம்! நடுவில் இருக்கிற இடைவெளியில் ஒரு உலகச் சாம்பியனும் ஒரு சாதாரண தொழில்முறை ரைடரும் சேர்ந்து உட்காரலாம்.

காற்றுவாக்கு: எந்த பவர் மீட்டர் வாங்கலாம்?

மேலே சொன்னேனே.

மலையேறி: என்னுடையது இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) மட்டும் அளக்கும் மீட்டர். வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி ஓட்டும் டிரெய்னர் கருவியைவிட 15 வாட் அதிகம் காட்டுகிறது. எது சரி?

இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது உங்கள் மீட்டர். இடது கால் 52 பங்கு, வலது 48 பங்கு போட்டால் 250 வாட்டை அது 260 என்று காட்டும். களைத்த பிறகு அந்தப் பங்கும் மாறலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுமுன் ஜீரோ செய்து, அதையே நம்பி ஓட்டுங்கள். இரண்டையும் ஒப்பிடுவது வீண்வேலை.

சந்தேகப்பிராணி: சுற்றி வளைக்க வேண்டாம். 1998இல் இத்தாலிய ரைடர் பாந்தானி ஏறியதைவிட போகாச்சார் பெய் ஏற்றத்தில் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். பாந்தானி காலத்து ரத்தத்தில் என்ன ஊக்கமருந்து ஓடியது என்று ஊருக்கே தெரியும். இது போதாதா?

எதற்குப் போதும்? வேகமாக ஏறினார் என்பதற்குப் போதும்.

15.8 கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் ஏறினால் சராசரி மணிக்கு 24 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு பெரிய பங்கு. நான் போட்ட கணக்கில், விநாடிக்கு 2 மீட்டர் பின்காற்று அடித்தாலே ஏறக்குறைய 25 வாட் மிச்சம். அது வெறும் இலை அசைகிற காற்று. இதோடு, முதலில் விங்கேகோரின் அணியான விஸ்மாவின் சக்கரத்துக்குப் பின்னாலும், பிறகு விங்கேகோரின் சக்கரத்துக்குப் பின்னாலும் காற்று மறைவில் இருந்துவிட்டு, கடைசி 5 கிலோமீட்டரில்தான் அவர் தனியாகப் போனார். டயர், சட்டை, மணிக்கு 100 கிராமைத் தாண்டும் மாவுச்சத்து, எதுவும் 1998இல் இப்படி இல்லை.

சந்தேகப்பிராணி: டயரும் சர்க்கரையும் மூன்றரை நிமிடம் தருமா?

எல்லாம் சேர்ந்து எவ்வளவு தரும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதைத்தான் சொல்கிறேன்.

தரவுதாசன்: சார், நேரத்தையும் உயரத்தையும் வைத்து வாட் கணிக்க ஒரு சூத்திரம் உண்டே. மணிக்கு ஏறும் மீட்டரை, 200உடன் சரிவின் பத்து மடங்கைக் கூட்டி வகுப்பது.

உண்டு. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 1,700 மீட்டர் என்றால் 280ஆல் வகுக்க, கிலோவுக்கு 6.07 வாட் வரும். அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மிகேலே ஃபெராரி, ஊக்கமருந்தில் சிக்கிய ரைடர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அதே மருத்துவர். ஆளைப் பற்றி என்ன சொன்னாலும் சூத்திரம் மோசமில்லை. ஆனால் அதற்குள் காற்று இல்லை. பத்து ஏற்றம், பத்து நாள் என்று சேர்த்துப் பார்த்தால் உதவும். ஒரு நாளை வைத்துக் குற்றப்பத்திரிகை எழுதக் கூடாது.

சந்தேகப்பிராணி: ஆக நீங்கள் யாரையும் சந்தேகிக்க மாட்டீர்கள்.

தாராளமாகச் சந்தேகிப்பேன். 'முன்னேறிய எண்கள்' என்ற சொல்லையே சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்த கதையைச் சொல்கிறேன். 2005இல் ஒரு மதிப்புள்ள உடலியல் ஆய்விதழில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கோய்ல் ஒரு கட்டுரை எழுதினார். 1992 முதல் 1999 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் தசைச் செயல்திறன் (செலவாகும் ஆற்றலில் பெடலுக்கு வரும் பங்கு) 8 சதவீதம் கூடியது என்றார். அதோடு எடை குறைவையும் சேர்த்து, கிலோவுக்கான வாட் 18 சதவீதம் கூடியது என்றார். அந்தப் பந்தய எடை, சுமார் 72 கிலோ, ஆய்வகத் தராசில் பார்த்ததல்ல. ரைடர் வாயால் சொன்னது. வேறு ஆய்வாளர்கள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். 2012இல் ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின, 2013இல் ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார். ஊக்கமருந்தை வாட்டில் தேடாதீர்கள், வாட்டை வைத்து ஒருவரைச் சுத்தமானவர் என்றும் சொல்லாதீர்கள். எடையை யார் பார்த்தது என்று மட்டும் கேளுங்கள். இந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

பெடல்பித்தன்: கிலோவுக்கு 6.5 வாட் என்றால் பெரிய விஷயமா?

எத்தனை நிமிடத்துக்கு?

காற்றுவாக்கு: என் நண்பர் 20 நிமிடத்தில் கிலோவுக்கு 5 வாட் என்கிறார். நம்பலாமா?

எடை? மீட்டர்? முதல் பதிலைப் படியுங்கள்.

தரவுதாசன்: நீங்களே ஒரு ரைடரைப் பேட்டி எடுத்தால் எந்த எண்ணைக் கேட்பீர்கள்?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். 3,000 கிலோஜூல் வேலை செய்த பிறகு உங்கள் 20 நிமிட வாட் என்ன என்று கேட்பேன். 250 வாட்டில் 3 மணி 20 நிமிடம் ஓட்டினால் அவ்வளவு செலவாகும். பெரிய மலைக் கட்டத்தில் கடைசி ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வருபவர் அதற்கும் மேலேயே செலவழித்திருப்பார். நல்ல ரைடரையும் மிக நல்ல ரைடரையும் ஓய்வெடுத்த காலோடு பரிசோதித்தால் எண்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். களைத்த பிறகு ஒருவருக்கு 3 சதவீதம் விழும், இன்னொருவருக்கு 10 சதவீதம் விழும். பந்தயம் முடிவாவது அந்த வித்தியாசத்தில்.

முகாமில் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, காலையில் ஒரே ஒரு மலையில் எடுத்த 'சிறந்த எண்' இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாறாக, "என் 20 நிமிட வாட் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நாலு மணி நேரத்துக்குப் பிறகும் அதே வருகிறது" என்று ஒரு ரைடர் சொன்னால் எழுந்து உட்காருவேன். பேட்டிகளில் அப்படி யாரும் சொல்வதில்லை. தலைப்புக்கு நன்றாக இருக்காது. பல அணிகள் பவர் தரவுக் கோப்புகளை வெளியே விடுவதும் இல்லை.

புதுச்சக்கரம்: சமவெளியில் ஓட்டுபவருக்கும் கிலோ கணக்குதானா சார்?

இல்லை. அங்கே எதிரி காற்று, வகுக்க வேண்டியது உடலின் காற்றுத் தடையால். வாட் கூடாமலே, குனிந்து உட்கார்ந்து வேகம் கூட்டலாம்.

மலையேறி: கடைசியாக ஒன்று. போகாச்சார் 165 மில்லிமீட்டர் கிராங்குக்கு மாறினாரே, அதனால் வாட் கூடியிருக்குமா? நானும் மாற்றலாமா?

2001இல் வெளியான ஒரு ஆய்வில் 120 முதல் 220 மில்லிமீட்டர் வரை ஐந்து நீளங்களில் உச்ச வாட்டை அளந்தார்கள். மிகக் குட்டையானதிலும் மிக நீளமானதிலும் மட்டும்தான் 4 சதவீதம் போலக் குறைந்தது. 145க்கும் 195க்கும் நடுவில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ஆகவே வாட்டுக்காக மாற்றாதீர்கள். குனிந்து ஓட்டும்போது முழங்கால் வயிற்றில் இடிக்கிறது என்றால் மாற்றுங்கள். மாற்றியதும் மீட்டரில் கிராங்க் நீளத்தையும் திருத்துங்கள். 172.5 என்றே விட்டுவிட்டால் பல மீட்டர்கள் உங்களுக்கு 4 சதவீதம் இலவசமாகக் கொடுத்துவிடும்.